காதை மூடாத ஹெட்போன்

ஹெட்போன் என்றால் வாலிபப் பிள்ளைகளின் சாமான் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். 2020இல் கொரோனா வந்து, என்னிடம் ஓத வரும் சிறுமிகள் வீட்டோடு முடங்கியபோது, மகன் தன் லெப்டொப்பை என் முன்னால் வைத்து, தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, "இதுல ஓதிக் குடுங்க உம்மா" என்றான். கொரோனா ஓய்ந்த பின்னும் அந்த வகுப்பு நிற்கவில்லை. கத்தாரிலும் இங்கிலாந்திலும் குடியிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மகன் மாட்டிவிட்டது காதை இறுக்க மூடும் வகை. குசினிச் சத்தமும் கேளாது, ரோட்டில் போகும் முச்சக்கர வண்டியின் சத்தமும் கேளாது. எனக்கு அது பெரிய நிஃமத்தாகத்தான் இருந்தது. ஒரு நாள் அஸருக்குப் பின் வரை.

அன்று வகுப்பை முடித்து ஹெட்போனைக் கழற்றியபோது பக்கத்து அறையிலிருந்து முனகல் கேட்டது. மாமி கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் தரையில் கிடந்தார். வயது எழுபத்தொன்பது, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் நடக்க மாட்டார். குளியலறைக்குப் போகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நான் வராததால் தானே எழும்பியிருக்கிறார். இடுப்பு தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். மணிக்கட்டில் வெடிப்பு. "எத்தின தரம் கூப்பிட்டேன் மக" என்று மட்டும் சொன்னார். அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதன் பின் ஒரு மாதம் ஸ்பீக்கரில் நடத்திப் பார்த்தேன். வயதுக்கு வந்த பிள்ளைகள் மார்க்கச் சட்டம் கேட்கும்போது அந்தக் குரல் முன்மண்டபத்தில் இருக்கும் ஆண்களுக்கும் கேட்டது. அது சரிப்படவில்லை. வகுப்பையே விட்டுவிடலாமா என்று யோசித்திருந்த சமயத்தில்தான் ராத்தாவின் மகன் வந்தான். கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் வேலை. கதையைக் கேட்டுவிட்டு, "சாச்சி, உங்களுக்குத் தேவை ஓபன் பேக்" என்றான்.

அப்படியென்றால் என்ன? சாதாரண ஹெட்போனின் வெளிப்பக்கம் கோப்பையைக் கவிழ்த்தது போல் அடைத்திருக்கும். உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு அதிரும்போது ஒலி காதுப் பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் போகிறது. அடைப்பில் பட்டுத் திரும்பி வந்து முதல் ஒலியோடு கலக்கிறது. சில ஹெட்போன்களில் பாத்திரத்துக்குள் பேசுவது போல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஓபன் பேக்கில் அந்த வெளிப்பக்கம் வலை போலத் திறந்திருக்கும். பின்னால் போகும் ஒலி போய்விடும்; வெளி ஒலியும் உள்ளே வரும். இவ்வகை புதிதல்ல. ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பனி மஞ்சள் பஞ்சு வைத்த எச்.டி. 414ஐ 1968இலேயே விற்பனைக்கு விட்டது.

கடையில் வேறொரு சங்கடம். பர்தாவுக்கு மேலால் மாட்டிப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. துணி நடுவில் இருந்தால் பஞ்சு காதோடு ஒட்டாது. மூடிய வகையில் அடித்தொனி கசிந்து குரல் மெலிந்துவிடும். மூன்று நாளைக்குள் திருப்பித் தரலாமா என்று கேட்டேன், கடைக்காரர் சம்மதித்தார். சகோதரிகள் இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. வீட்டில், தலையில் துணியில்லாமல் கேட்பதுதான் சரியான சோதனை.

விலை கூடியதைத்தான் முதலில் எடுக்கப் பார்த்தேன். மருமகன் தடுத்துவிட்டான். எச்.டி. 600 என்ற பேர்போன ஒன்று 300 ஓம். சாதாரண போனில் மாட்டினால் சத்தம் போதாமல் போகும், தனியாக அம்ப்ளிபயர் வாங்க வேண்டிவரும். 32 ஓம் அளவில் உள்ளது லெப்டொப்புக்குத் தாராளம். காது முழுவதும் உள்ளே அடங்கும் அகலமான பஞ்சு, கண்ணாடிச் சட்டத்தை அழுத்தாத லேசான பிடி. இவ்வளவையும் பார்த்து 32 ஓமில் ஒன்றை எடுத்தேன், சீட்டுக் காசில்.

வீட்டில் முதலில் போட்டது ஷெய்க் ஹுஸரியின் கிராஅத். 1961இல் முழுக் குர்ஆனையும் முதன்முதலாக முரத்தலாக ஒலிப்பதிவு செய்தவர் அவர். குரல் தெளிவுதான், ஆனால் அகலம் எங்கே? அந்தப் பழைய பதிவு மோனோ, இரு காதுக்கும் ஒரே ஒலி, எந்த ஹெட்போனும் அதை விரிக்காது என்று மருமகன் சிரித்தான். பிறகு பள்ளியில் ஸ்டீரியோவாகப் பதிந்த ஓதல் ஒன்றைப் போட்டான். அப்போதுதான் விளங்கியது. ஓதுபவர் முன்னால், ஆமீன் சொல்பவர்கள் இரு பக்கமும் பரவி, எதிரொலி தூரத்தில். குரல் மண்டைக்குள் நிற்கவில்லை. சவுண்ட் ஸ்டேஜ் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் எனக்கு உண்மையில் பிரயோசனப்பட்டது அந்த அகலமல்ல, என் சொந்தக் குரல். இரு காதையும் பொத்திக்கொண்டு ஒரு ஆயத்தை ஓதிப் பாருங்கள். குரல் தலைக்குள் முழங்கும். நான் மூன்று வருடமாக அப்படித்தான் ஓதிக் கொடுத்திருக்கிறேன். ஸாதை எவ்வளவு கனமாக உச்சரிக்கிறேன் என்பது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இப்போது என் குரல் அறையில் ஒலிப்பது போலவே எனக்குக் கேட்கிறது.

பிள்ளைகளின் ஸீனும் தேவும் (ث) பிரிந்து கேட்கிறதா என்றால், பாதிதான். சாதாரண போன் அழைப்பில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி வராது. ஸீனின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேல்தான். அப்படி வரும் பிள்ளைக்கு எந்த ஹெட்போனும் உதவாது. இன்டர்நெட் வழியாக வரச் சொல்ல வேண்டியதுதான்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பஸ்ஸுக்கு இது ஆகாது, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். வெளிச்சத்தம் வருகிறதே என்று நாம் ஒலியைக் கூட்டிவிடுவோம், அதுதான் பயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம் என்கிறது. 90 ஆனால் 4 மணித்தியாலம் மட்டும். பக்கத்து வீட்டில் அரிசி ஆலை இருந்தால் மூடிய வகையே நல்லது. அந்தரங்கமான கேள்விகளுக்கு நானும் இன்னும் பழையதைத்தான் எடுக்கிறேன், மகளை மாமியின் பக்கத்தில் இருத்திவிட்டு.

போன வாரம் வகுப்பின் நடுவில் "மக" என்ற குரல் கேட்டு எழும்பி ஓடினேன். மாமி சுகமாகப் படுத்திருந்தார். கட்டிலைக் கதவுப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னதே அவர்தான். என் ஹெட்போனிலிருந்து கசியும் ஓதல் அங்கே மெல்லிதாகக் கேட்குமாம்.

"என்ன மாமி?"

"அந்தக் கத்தார் புள்ள இன்னக்கி வரல்லயா?"

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்து, மீண்டும் மாட்டிக்கொண்டேன்.