எழுதியவரே பாடும்போது

பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, தானே மேடையேறிப் பாடுகிறவரைப் புதுச்சேரியில் நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ஷான்சொனியே' என்பார்கள். அப்படிப்பட்ட ழார்ழ் பிரஸ்ஸான்ஸை இசைத்தட்டில்தான் கேட்டேன். அவருடைய ஒரு பாட்டை 1950களில் அந்நாட்டு வானொலியே ஒலிபரப்ப மறுத்ததாம்.

நம் பக்கத்தில் அப்படி ஒருவரை நேரில் பார்த்தேன்: மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன். மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்கில் கைதானவர். நான் கேட்டது ஒரு தெருமுனைக் கூட்டத்தில். கச்சேரிக் குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை தெளிவாக விழுந்தது. பறை ஓய்ந்து குரல் மட்டும் ஒலித்தபோது கூட்டம் அடங்கிப்போனது. பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

2024 ஜூனில் எங்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழித்த செய்தி வரும். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். அன்று அந்தப் பாட்டைக் கேட்டவர்கள், அது முடிந்தும் வெகுநேரம் நகரவில்லை.