கேட்காமை இல்லாமை அன்று

தலைக்கு மேலே ஒரு விமானம் செல்லும்போது அதன் இரைச்சல் மட்டுமே நம் செவியில் விழுகிறது. ஆனால் அது ஓயாமல் பேசிக்கொண்டும் செல்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். 'நான் இன்ன விமானம். இன்ன இடத்தில், இவ்வளவு உயரத்தில், இவ்வளவு விரைவில் செல்கிறேன்' என்று எவரும் கேளாமலே அது அறிவிக்கிறது. தன் இருப்பிடத்தை நொடிக்கு இரண்டு முறையும், தன் அழைப்புப் பெயரை ஐந்து நொடிக்கு ஒரு முறையும் சொல்கிறது. 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் அந்தச் செய்தி ஒவ்வொன்றும் 112 பிட்டுகள் கொண்டது. அதற்குப் பூட்டும் இல்லை, மறைமொழியும் இல்லை. காதுள்ளவர் எவரும் கேட்கலாம்.

அந்தக் காது இன்று எளியவர்க்கும் கிட்டுகிறது. கணினியில் செருகித் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று கட்டைவிரல் அளவில் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. அதனுள் இருந்த ரியல்டெக் சில்லு வேறு பல வானொலி அலைகளையும் பிடித்துத் தரும் என்பதை 2012ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் உலகறியச் செய்தனர். விமானச் செய்திகளை அதிலிருந்து பிரித்தெடுக்கும் 'டம்ப்1090' என்னும் நிரலை இத்தாலியரான சல்வதோரே சான்ஃபிலிப்போ எழுதி, யாவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வழங்கினார். சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் எவர் வீட்டு மாடியிலும் ஒரு நிலையம் அமைந்துவிடும்.

கணக்கு ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தஞ்சையில் என் வீட்டு மாடியில் நானும் ஒன்றை அமைத்தேன். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 27.5 சென்டிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 6.9 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியே ஆண்டெனா. திருச்சியில் மேலெழும்பும் விமானங்களும், எங்கும் இறங்காமல் நம் தலைக்கு மேலே கடந்துபோகும் விமானங்களும் திரையில் சிறு புள்ளிகளாக ஊர்ந்தன. ஒரு திசை மட்டும் வெறுமையாகவே கிடந்தது. அங்கே நின்ற வேப்பமரத்திற்கு மேலாகக் கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தியதும் அந்தத் திசையும் நிறைந்தது. அந்த விமானங்கள் அன்று புதிதாகப் பறக்கத் தொடங்கியவை அல்ல.

எங்கள் மகள் சிங்கப்பூரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். விடுப்பு முடிந்து அவள் திருச்சியிலிருந்து புறப்பட்ட இரவில், என் மனைவி திரையின் முன்னே அமர்ந்திருந்தாள். புள்ளி எங்கள் ஊரைக் கடந்து, நாகப்பட்டினம் கடற்கரையையும் தாண்டி, வங்கக் கடலின்மேல் வெகுதூரம் சென்று, சட்டென்று மறைந்தது. "என்னங்க, காணோமே!" என்றாள்.

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானமும் ஏறக்குறைய 430 கிலோமீட்டர் தொலைவில் தொடுவானத்திற்குக் கீழே போய்விடும். மரமும் கட்டடமும் குறுக்கிட்டால் அதற்கு முன்பே மறைந்துவிடும். இதை நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "உங்க கணக்கு சரிதாங்க. ஆனா, அவ குரலைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம்" என்றாள். விடியும் வேளையில் தொலைபேசி ஒலிக்கும் வரை அவள் படுக்கவே இல்லை. அந்தத் தாயுள்ளத்தின்முன் என் கணக்குக்கு வேலை இல்லை. ஆயினும் கணக்கு பொய்யன்று. நம் திரையில் புள்ளி மறைந்த அதே நொடியிலும் விமானம் பேசிக்கொண்டுதான் இருந்தது. எட்டாமற் போனது நம் காது.

மறைவு மெய்யான துயரமாகவே முடிவதும் உண்டு. 2014 மார்ச் 8ஆம் நாள், 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்எச்370 விமானத்தின் சமிக்ஞை அதிகாலை 1.21 மணிக்கு நின்றுபோனது. அங்கே வேப்பமரமும் இல்லை, தொடுவானமும் காரணமில்லை. ஆனால் இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோளுடன் அந்த விமானம் காலை 8.19 மணி வரை அவ்வப்போது தொடர்பு கொண்டிருந்தது பின்னர் தெரிய வந்தது. ஒரு காதுக்கு ஊமையாகிவிட்ட விமானம் மற்றொரு காதுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் உயிர்ப்புடன் இருந்திருக்கிறது. தேட வேண்டியது தெற்கு இந்தியப் பெருங்கடலில் என்று காட்டியவை அந்தச் சிறு தொடர்புகளே. 2015 ஜூலையில் அதன் இறக்கைப் பகுதி ஒன்று ரீயூனியன் தீவில் கரை ஒதுங்கியது. காத்திருந்த குடும்பங்களுக்கு இவை ஆறுதல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 'கேட்கவில்லை, எனவே இல்லை' என்று தேடுவோர் அன்றே முடிவு கட்டியிருந்தால் இந்த அளவு உண்மைகூட வெளிப்பட்டிராது என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்தப் பொழுதுபோக்கில் நாம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. கேட்பது மட்டுமே நம் பங்கு. கேட்கக் கேட்க, நம் செவியின் எல்லை உலகின் எல்லை அன்று என்பது புலப்படுகிறது. கடிதம் நின்றுபோன நண்பர், பேச்சற்றுப்போன உடன்பிறப்பு, வாய் திறவாத பிள்ளை என நம்மைச் சுற்றியும் எத்தனையோ மௌனங்கள் உண்டு. அவற்றுள் சில மெய்யான மௌனங்களாகவும் இருக்கலாம். ஆனாலும், ஒருவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று தீர்ப்பு எழுதுமுன், நம் கம்பம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒருமுறை அளந்து பார்ப்பது நன்று.