சிவப்புத் தடியும் அண்ணாவின் காலும்

23 ஜனவரி 2025, வியாழன்
விடிய ஐந்து மணிக்கே பளையிலிருந்து வாகனம் வெளிக்கிட்டது. முகமாலையில் பனி விலகவில்லை. கவச அங்கியைக் கட்டி, முகக்கவசத்தை இறக்கிவிட்டு என் லேனுக்குள் முழங்காலூன்றினேன். ஒன்பதரை மணிக்கு றேக்கின் பல்லில் ஏதோ தட்டுப்பட்டது. பக்கவாட்டு மண்ணை மெல்ல மெல்ல வழித்தேன். பி-4 மிதிவெடி. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் டப்பா. எப்படியும் 16 வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுவிட்டுப் பின்வாங்கினேன். ஒவ்வொன்று எடுக்கும்போதும் மனதுக்குள் சொல்வேன்: ஒரு கால் தப்பியது.

27 ஜனவரி, திங்கள்
இன்று முகாம் வாசலிலேயே எங்களை மறித்துவிட்டார்கள். அமெரிக்காவின் புதிய ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி மீளாய்வு செய்யச் சொல்லியிருக்கிறார். மிதிவெடி அகற்றும் காசும் அதற்குள் அடக்கமாம். எங்கள் அணிக்கு வருவது அந்தக் காசு. ஜப்பான் காசில் இயங்கும் பக்கத்து அணி வழக்கம்போல வாகனத்தில் ஏறிப் போனது. ஒரே வயலில் துண்டுக்குத் துண்டு வேறு நாட்டுக் காசு என்பது இன்றுதான் உறைத்தது. நான் விட்ட இடத்தில் என் சிவப்புத் தடி நிற்கிறது. அதற்கு அப்பால் ஓரடி மண்ணையும் யாரும் நம்ப முடியாது.

எங்கள் அணியில் பாதிப் பெண்களுக்கு வீட்டில் வேறு உழைப்பு இல்லை. “அடைவில கிடக்கிற சங்கிலிக்கு இனி வட்டி ஆர் கட்டுறது?” என்று ஒருத்தி கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

29 ஜனவரி, புதன்
வீட்டில் இருக்கும்போதுதான் அண்ணாவின் காலை வடிவாகப் பார்த்தேன். மீள்குடியேறிய வருடம் விறகு வெட்டப் போன இடத்தில் மிதிவெடியில் வலது காலை இழந்தவர். இப்போதிருக்கும் செயற்கைக் காலின் பாதம் விரலடியில் வெடித்து, சைக்கிள் ரியூப்பால் சுற்றியிருக்கிறது. உறை இறுக்கி, துண்டித்த இடம் புண்ணாகிவிட்டது. அந்தக் காலைத் தந்த திட்டம் முடிந்து இரண்டு வருடம்.

“உங்கட வேலை நிண்டதைப் பேப்பரில போடுறாங்கள், பிள்ளை. என்ர கால் முடிஞ்சதை ஆரும் போடேல்லை” என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

31 ஜனவரி, வெள்ளி
பயிற்சிக் காலக் கொப்பியை எடுத்துப் படித்தேன். மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997 டிசம்பரில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. இலங்கை இணைந்தது 2017 டிசம்பரில். அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் 1 வரை தவணை உண்டு. அதே உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை, வசதியுள்ள நாடுகள் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்புக்கும் மறுவாழ்வுக்கும் உதவ வேண்டும் என்கிறது. அதற்குத் தவணை இல்லை. உலகம் முழுவதும் கொடையாளிகள் இந்த வேலைக்குத் தரும் காசில், பாதிக்கப்பட்டவர்களுக்கென்று போவது பத்தில் ஒரு பங்குகூட வராது.

காரணம் எனக்கு விளங்குகிறது. காணியை அளக்கலாம், கையளிக்கலாம், படம் எடுக்கலாம், கணக்கை மூடலாம். காலோ சில வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டியது. அண்ணாவுக்கு வயது 41. அவருக்கு இன்னும் எத்தனை கால் வேண்டும்?

3 பெப்ரவரி, திங்கள்
அண்ணாவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனேன். 1987 முதல் அங்கே ஜெய்ப்பூர் கால் செய்கிறார்கள். புண் ஆறிய பிறகுதான் அளவெடுக்கலாம் என்றார்கள். பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு அளவெடுத்தார்கள். ஈரப் பிளாஸ்ரர் துணியைச் சுற்றி, அது இறுகும் வரை ஒரு தம்பி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் மண் வழிக்கும் அதே கவனம்.

திரும்பும்போது எழுதுமட்டுவாள் கடந்ததும் பஸ் ஜன்னலில் சிவப்புத் தடிகள் தெரிந்தன. அண்ணா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வேலை திரும்பத் தொடங்கும். தொடங்கத்தான் வேண்டும், அந்த மண்ணுக்குள் இன்னும் மிதிவெடி கிடக்கிறது. காசு தருகிறவர்கள் பார்க்க வருவார்கள், எத்தனை சதுர மீற்றர் என்று கேட்பார்கள். சொல்வேன். பிறகு அண்ணாவின் பழைய காலை, சுற்றிய ரியூப்போடு மேசையில் வைத்து, இதையும் கணக்கில் எழுதுங்கோ என்பேன்.