முதலில் கை, பிறகு ஸ்பேனர்

டயர் மாற்றுவது வேடிக்கை பார்க்கத்தக்க வேலை. பஞ்சர் கடை வாசலில் எப்போதும் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். லிவரை நெம்புவது, காலால் மிதிப்பது, சோப்புத் தண்ணீர் தடவுவது, கடைசியில் காற்று ஏறி டயர் ரிம்மில் 'டப்' என்று உட்காருவது எல்லாம் அங்கே கண்ணெதிரே நடக்கும். அதன் பிறகு அந்த வீலை வண்டியில் மாட்டுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் திருவொற்றியூருக்குப் போனது அதைப் பார்க்கத்தான்.

நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில் அந்த ஷெட். உள்ளே மூன்று வண்டி நிற்கலாம், நான்காவது தெருவில்தான். நடத்துபவர் அறுபதைத் தாண்டியவர். சந்தில் எல்லோருக்கும் அவர் 'மேஸ்திரி'. கூட ஒரு பையன், வயது பத்தொன்பது இருக்கும், அவன் மட்டும் 'அண்ணே' என்பான். இந்த ஊரில் இந்தத் தொழில் வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.எஃப். 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது இங்கேதான். 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா புல்லட்டைத் தயாரித்ததும் இதே திருவொற்றியூரில்தான். கம்பெனிகளைச் சுற்றி லேத் பட்டறைகள், ஸ்பேர் கடைகள், பழைய மெக்கானிக்குகள், அவர்களிடம் தொழில் கற்றவர்கள். மேஸ்திரியும் அந்த வரிசையில் வந்தவர்.

அன்று காலை முதல் வண்டி ஸ்ப்ளெண்டர். சிலிண்டர் டெலிவரி செய்பவருடையது. முன் வீலை மேஸ்திரி ஏற்கெனவே கழற்றி, பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். இங்கே வேலைப் பிரிவினை அப்படி. கழற்றுவதும் மாட்டுவதும் இவர், டயர் அவர். வீல் திரும்பி வந்ததும் பையன் அதை நேராக ஃபோர்க்கை நோக்கித் தூக்கினான். மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார்.

"அம்பு எந்தப் பக்கம்டா?"

டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. பையன் குனிந்து பார்த்தான். அம்பு பின்னோக்கி இருந்தது. வீலைத் திருப்பி மாட்டினால் போதாதா என்று நான் கேட்டேன். மேஸ்திரி பதில் சொல்லாமல் பிரேக் டிரம்மைத் தட்டிக் காட்டினார். டிரம் ஒரு பக்கம்தான் இருக்கிறது, வீலைத் திருப்ப வழியில்லை. டயரைத்தான் மறுபடி கழற்ற வேண்டும். பஞ்சர் கடைக்காரர் வாசலுக்கு வந்து, "ஒண்ணும் ஆவாது மேஸ்திரி, நான் போடாத டயரா?" என்றார். மேஸ்திரி வீலை அவர் பக்கம் உருட்டிவிட்டார், அவ்வளவுதான்.

காத்திருந்த நேரத்தில் அவரே காரணத்தைச் சொன்னார். முன் வீல் தாங்குவது பிரேக்கின் இழுப்பை, பின் வீல் தாங்குவது எஞ்சினின் தள்ளலை. இரண்டும் எதிரெதிர்த் திசை. டயரின் ரப்பர் அடுக்குகள் சேரும் இடம் அந்த இழுப்பில் பிரிந்துவிடாதபடி பார்த்து அம்பு போடுகிறார்கள். மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்களும் ஒரு திசைக்கென்று வெட்டப்பட்டவை. முன்னுக்கும் பின்னுக்கும் பொதுவாக வரும் டயர்கள் சிலவற்றில் முன் வீலுக்கு ஓர் அம்பும் பின் வீலுக்கு எதிர்ப்பக்கமாக ஓர் அம்பும் சேர்ந்தே இருக்கும். "அதப் பார்த்துட்டு கம்பெனிக்காரனே தப்பா அடிச்சிட்டான்னு சொல்றவன் இருக்கான் சார்."

வீல் இரண்டாம் முறை வந்தது. உடனே மாட்டவில்லை. பேரிங்கின் உள் வளையத்தில் சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றினார். கண் எங்கோ இருந்தது, விரல் மட்டும் வேலை செய்தது. சொரசொரப்புத் தட்டினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். ஸ்பேர் கடையில் 6301 என்று எண்ணைச் சொன்னால் போதும்: உள் விட்டம் 12 மில்லிமீட்டர், வெளி விட்டம் 37. எந்தக் கம்பெனி செய்தாலும் இந்த அளவு மாறாது. அன்று மாற்றத் தேவை வரவில்லை. ஆயில் சீலின் உதட்டில் விரல் நுனியால் கிரீஸ் தடவினார். ஆக்சிலைத் துணியால் துடைத்து, மெல்லிய படலமாக அதற்கும் கிரீஸ். டிரம்முக்குள் மட்டும் கை போகவில்லை. அங்கே கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது.

அடுத்தது பிரேக் பிளேட். பொறுமை இங்கேதான் வேண்டும். அந்தத் தட்டுக்குள் ஸ்பீடோமீட்டர் கியர் இருக்கிறது. அதன் காதுகள் ஹப்பின் பள்ளங்களில் விழ வேண்டும். விழாமல் மேலே ஏறி நின்றாலும் தட்டு கிட்டத்தட்ட மூடியது போலவே தோன்றும். அப்படியே நட்டை முறுக்கினால் காது நசுங்கும், பிறகு முள் பூஜ்யத்தைவிட்டு எழாது. தட்டை வைத்து இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பினார். ஓர் இடத்தில் அது ஒரு நூல் உள்ளே இறங்கியது. "உக்காந்துச்சு" என்றான் பையன். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அந்தத் தட்டில் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. ஃபோர்க்கின் காலில் இருக்கும் முட்டு அதில் பொருந்த வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஷூக்கள் டிரம்மோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் தட்டைப் பிடித்துக்கொள்வது அந்த ஒரு முட்டுதான். அது பொருந்தாமலே வீலை மாட்டிவிட முடியும் என்பதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. வண்டி ஓடும், கையில் தள்ளினால் ஒழுங்காக உருளும். முதல் பெரிய பிரேக்கில் தட்டு சுழன்று கேபிளைச் சுருட்டி இழுக்கும், வீல் பூட்டிக்கொள்ளும். ஆகவே பையன் வீலைத் தூக்கிப் பிடித்ததும் மேஸ்திரி தரையில் உட்கார்ந்து, கன்னம் ஹேண்டில்பாருக்குக் கீழே வருமளவு சாய்ந்து, பள்ளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆக்சிலைக் குத்தினார். மறுபக்கம், ஃபோர்க் காலுக்கும் பேரிங்குக்கும் நடுவே வரும் ஒரு சின்ன காலர். பையன் அதை வாயில் கவ்விக்கொண்டிருந்தான்!

அந்தக் காலர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறது. ஃபோர்க் கால், காலர், பேரிங், குழாய், பேரிங், தட்டு, மறு ஃபோர்க் கால். நட்டு இறுக்குவது இந்த முழு வரிசையைத்தான். நடுவில் ஒன்று குறைந்தால் நட்டு ஃபோர்க் கால்களை உள்ளே இழுத்து வளைக்கும். நட்டு இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும், அதனால்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை.

நட்டைப் பையன் கையால் போட்டான். மரை தானாக ஓட வேண்டும். பாதியில் முரண்டு பிடித்தால் ஸ்பேனரை எடுக்காதே, திரும்பக் கழற்று என்பது மேஸ்திரியின் சட்டம். பிறகு கேபிளை மாட்டி, பிரேக் லிவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஷூக்கள் விரிந்து டிரம்மைத் தொட்டபோது தட்டு நடுவுக்கு வந்து நின்றது. அந்த நிலையில்தான் ஸ்பேனர். பிரேக்கை விட்டுவிட்டு முறுக்கினால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்குமாம், புது ஷூவாக இருந்தாலும் 'கொய்ங்' என்று கத்துமாம். வீலைச் சுழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை பார்த்தார். முன் டயருக்கு 25 பவுண்ட் காற்று. லிவர் நுனியில் ஒரு விரல்கனம் ஆட்டம். முடிந்தது.

அடுத்து வந்தது பழைய புல்லட். அதில் ஃபோர்க்கின் அடியில் ஆக்சிலைப் பிடிப்பது பாதி வளையமான மூடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு. நான்கையும் லேசாகப் பிடிக்க வைத்துவிட்டு நிறுத்தினார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை உடம்புக் கனத்தோடு அழுத்தி அழுத்தி விட்டார். ஃபோர்க் மூச்சு வாங்கியது. இறுக்குவதற்கு முன் இரண்டு கால்களும் ஆக்சில் மேல் தமக்கு இசைவான இடத்துக்கு நகர வேண்டும். கோணலாக நிற்கும்போதே இறுக்கிவிட்டால் உள்ளே குழாய்கள் உரசும், சீல் கசியும், பள்ளத்தில் விழுந்தால் ஃபோர்க் இறங்காமல் கையைத்தான் உதைக்கும். அப்புறம் நான்கு நட்டையும் மாற்றி மாற்றி, மூடியின் முன் இடைவெளியும் பின் இடைவெளியும் ஒன்றாக இருக்கும்படி இறுக்கினார்.

இந்த வேலையின் திறமை முறுக்குவதில் இல்லை, எதுவரை முறுக்காமல் இருப்பது என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்றேன். பலகையில் தொங்குவதைக் காட்டினார், துரு ஏறவில்லை. டிஸ்க் வண்டிகளுக்கு எடுப்பாராம், புல்லட்டுக்குக் கைதான். இது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. பழகிய கைக்கும் முதுகுவலி நாள் என்று ஒன்று வரும். சொன்னேன். சிரித்தார்.

டிஸ்க் வண்டியில் பிரேக் தட்டும் அதன் பள்ளமும் கிடையாது. வீல் வெளியே இருக்கும்போது யாரும் லிவரைத் தொடக் கூடாது, தொட்டால் பேடுகள் கூடிக்கொள்ளும், டிஸ்க் நுழையாது. அதனால் காலிப்பரில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். மாட்டியபின் லிவர் முதல் பிடியில் கைப்பிடியைத் தொடும். பேடு பின்வாங்கியிருப்பதால் அப்படி. கெட்டியாகும்வரை மிதமாகப் பிடித்து விட வேண்டும். மேஸ்திரி தொழில் கற்ற இடத்தில் ஒரு முறை அதை மறந்து வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் சந்து முனையில் நின்ற தள்ளுவண்டியில் போய் நின்றார். "வாழப்பழம் பூரா எங்க முதலாளி வாங்கினாரு" என்றார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாம் ஏ.பி.எஸ்.ஸோடுதான் விற்கப்படுகின்றன. அவற்றில் சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான். அங்கே இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கிறார். ஓட்டிப் பார்த்து, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு அணைந்தால்தான் வண்டியைக் கொடுப்பார்.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். டயருக்குப் பில் உண்டு, டியூபுக்கு உண்டு, டயர் போட்டதற்குப் பஞ்சர் கடையில் கூலி உண்டு. கழற்றி மாட்டியதற்கு மேஸ்திரி கேட்டபோது சிலிண்டர்காரர் பாதியை நீட்டினார். "வீல் மாட்டுறதுக்கா இவ்ளோ?" மேஸ்திரி வாங்கிக்கொண்டார். இப்படித்தான் பலரும் நேராகப் பஞ்சர் கடையிலேயே முழு வேலையையும் முடித்துக்கொள்கிறார்கள். அங்கே மாட்டுவது இலவசம், அதனால் அவசரம். பழுதானால் மறுபடி வருவது இந்த ஷெட்டுக்கு. அதற்கும் அதே பேரம். பையனின் வாரக்கூலி இந்தப் பாதிகளிலிருந்துதான் வருகிறது.

சிலிண்டர்காரர் வண்டியைக் கிளப்பும்போது மேஸ்திரி நிறுத்தினார். புது டயரின் மேல் அச்சில் தடவிய வழுவழுப்பு இருக்கும், முதல் 100 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காதே, ரெண்டு நாள் கழித்து வா, நட்டைப் பார்க்கணும் என்றார். அவர் வரமாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். பையன் வெள்ளை பெயிண்ட் டப்பாவை எடுத்து, ஆக்சில் நட்டிலிருந்து ஃபோர்க் கால்வரை ஒரு கோடு இழுத்தான்.

"டெய்லி கேஸ் ஏத்தும்போது குனிவ இல்ல, அப்ப இதயும் ஒரு பார்வ பார்த்துக்க" என்றார் மேஸ்திரி. "கோடு நேரா இல்லன்னா ஓட்டாத. தள்ளிக்கினு வா."

"துட்டு?"

"அதுக்கு வாணாம். வா."