காட்சியும் சாட்சியும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நம்மவர் சற்று இளக்காரமாகவே வழங்கிவருகின்றனர். ஊதியம் தராத உழைப்பு, தேர்வுக்கு உதவாத அறிவு, செலவை மாத்திரம் வளர்க்கும் ஆசை என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்வர். நிழற்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இந்த ஏளனத்தை மற்றவரிலும் கூடுதலாகவே கேட்டிருப்பர்; அவர்தம் கருவிக்கு விலை அதிகம், பயனோ குறைவு எனத் தோன்றுவதே அதற்குக் காரணம். ஆயினும் ஊவாவின் மலைச்சரிவுகளிற் கமராவுடன் பல ஆண்டுகள் திரிந்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கருத்து உண்டு. எமது தோட்டப்புறங்களைப் பொறுத்தவரை, அழகிய காட்சி என்று எடுக்கப்பட்ட படங்களிலும், வேடிக்கையாக எடுக்கப்பட்ட அன்றாடப் படங்களே பெறுமதி மிக்கவை என்பதே அக்கருத்து.

பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் வாழும் நண்பர்கள் சிலர் போயா விடுமுறைகளில் ஒன்றுகூடுவது எங்கள் வழக்கம். ஒருவர் பாடசாலை ஆசிரியர். ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர். இன்னொருவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எடுத்த படங்களை மேசைமீது பரப்பிவைப்போம். தேநீர் ஆறுவதற்குள் பேச்சுப் படங்களை விட்டுக் கருவிகளுக்குத் தாவிவிடும். ஆசிரியரிடம் உள்ளது யஷிக்கா இரட்டை வில்லைக் கமரா. ஒரு பிலிம் சுருளிற் பன்னிரண்டே படங்கள். ஆதலால் ஒவ்வொன்றையும் எண்ணியெண்ணித்தான் எடுக்கவேண்டும். அதனை நெஞ்சுக்குக் கீழே பிடித்துத் தலைகுனிந்தே பார்க்க வேண்டியிருப்பதால், எதிரில் நிற்பவருக்குத் தம்மை ஒருவர் குறிபார்க்கின்றார் என்ற கூச்சம் ஏற்படுவதில்லை என்பது அவர் வாதம். கடைக்காரர் சோவியத் நாட்டுச் செனிற் கமராவின் அடியார். பாரமானது, முரடானது என்று நாங்கள் நகைத்தால், அதன் ஒளிமானிக்கு மின்கலமே தேவையில்லை என்று மார்தட்டுவார். தொழிற்சாலை உத்தியோகத்தரோ இப்போது கைத்தொலைபேசியிலேயே படமெடுக்கின்றார். நல்ல கமரா எது என்று கேட்டால், வேலை முடிந்து வரும்போது சட்டைப்பையில் இருப்பதுவே என்பார்.

இப்பேச்சு வெறும் வீண்பேச்சன்று. எங்கள் மலைநாட்டின் இயல்பை இதனூடாகவே நான் கற்றேன். ஈரம் மிகுந்த இக்குளிர்ப் பிரதேசத்தில் வில்லைகளிற் பூஞ்சணம் படரும். கொழும்புக் கடைகளில் விற்கும் ஈரமுறிஞ்சும் பொட்டலங்கள் கிடைக்காதபோது, நன்கு வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து, கமராவுடன் இறுக்கமாக மூடும் தகரப்பெட்டியில் வைப்போர் உண்டு. மற்றொரு வகையில் இக்குளிரே எமக்கு உதவியும் புரிந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவும் கரைசல் 20 பாகை செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். கொழும்பில் அதற்குப் பனிக்கட்டி தேட வேண்டும். பண்டாரவளையிலோ குழாய்நீரைச் சற்று நேரம் வைத்திருந்தாற் போதுமானது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளிற் கொட்டித் தீர்ந்தபின் வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகின்றது. நமுனுகுல மலையின் விளிம்பைத் தெளிவாகக் காட்டித் தருவதும் அதுவே.

எனினும் நாங்கள் மிகுதியாக விவாதித்தது மூடுபனியைப் பற்றித்தான். ஒளிமானி எதனைக் கண்டாலும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதும் இயல்புடையது. அது சொல்வதை அப்படியே நம்பினால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகவே பதிவாகும். ஆகவே ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூடுதலாக ஒளியை அனுமதிக்க வேண்டும். இது எல்லோரும் அறிந்த விதி. ஆனால், பனியின் முன்னே கொழுந்து பறிக்கும் ஒரு பெண் நிற்கும்போது விதி மட்டும் போதாது. மலைக்கு ஒளியை அளந்தால் அவள் முகம் இருண்டு வெறும் நிழலுருவாகிவிடும். முகத்துக்கு அளந்தால் பின்னுள்ள மலை வெளுத்து மறைந்துபோகும். எடுப்பவன் இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஊவாவைப் பற்றி உலகெங்கும் பரவியுள்ள படங்களை நோக்குமிடத்து, பெரும்பாலானோர் மலையையே தெரிந்துள்ளனர் என்பது புலனாகும்.

இத்தெரிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. புகழ்பெற்ற ஆங்கில நிழற்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1875-இல் இலங்கைக்கு வந்து 1879-இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களதும் அறிஞர்களதும் உருவப்படங்கள் அவரவர் பெயராலேயே வழங்குகின்றன. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவற்றுள் ஒன்று ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்னும் பொதுப்பெயரை மட்டுமே தாங்கி நிற்கின்றது. 1890-இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கி, தம்பேதன்னவில் தொழிற்சாலை அமைத்தார். அவர்தம் வாணிபம் வளர்ந்தபோது, கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் ஏறி உலகைச் சுற்றிவந்தது. 1930-களில் லயனல் வென்ற் இந்நாட்டு மக்களின் உடலையும் உழைப்பையும் கனிவுடன் நோக்கும் படங்களை எடுத்தார். 1944-இல் அவர் மறைந்த பின்னர், 1950-இல் அவை நூலுருப் பெற்றன. ஆயினும் தேயிலைத் தோட்டத்தின் பொதுவான படம் மாறவில்லை. பங்களாவின் உயரத்திலிருந்து பார்க்கும் பார்வை, பச்சைக் கம்பளம், அதில் வண்ணப் புள்ளிகளாகப் பெண்கள். இன்று எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க வருவோருக்குக் கணக்கில்லை. அப்பாலத்தைச் சூழ்ந்த சரிவுகளில் யார் வாழ்கின்றனர் என்பதைக் காட்டும் படங்களோ அரியன.

சரி, தோட்ட மக்களிடம் இருந்த படங்கள் யாவை? பல குடும்பங்களின் தகரப்பெட்டிகளைத் திறந்து காட்டக் கேட்டிருக்கின்றேன். திருமணத்தன்று நகரத்து ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று இருக்கும். மற்றவை அனேகமாக அரசாங்கத்துக்காக எடுத்தவை. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவராயினர். 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974-இன் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அக்காலத்தே, பெயரும் வயதும் ஊரும் எழுதி ஒட்டுவதற்காகவே பலர் முதன்முதலாகக் கமராவின் முன் அமர்ந்தனர். கடவுச்சீட்டுப் படத்திற் சிரித்தல் வழக்கமில்லை. ஆகவே பல வீடுகளிற் பாட்டனாரின் ஒரே படம் அஞ்சிய கண்களுடன் நேரே பார்க்கும் அந்தச் சிறு சதுரமே. தலைமன்னாரிற் கப்பலேறியோர் ஒரு பிரதியைக் கொண்டுசென்றனர். மற்றொரு பிரதி இங்கே தங்கிற்று. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தின் வழி முடிவு காண 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 1983 ஜூலை வன்செயலின்போது பதுளை நகரிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீடுகளில் இருந்த படங்களும் அவற்றோடு போயின.

இப்பின்னணியில் நோக்கினால் அன்றாடப் படத்தின் பெறுமதி விளங்கும். பீலியடியில் நீர் பிடிக்கும் சிறுமி, பெரட்டுக்களத்தில் விடியற்காலை நிற்கும் கூட்டம், கொழுந்து மடுவத்தில் தராசின் முள்ளையே பார்த்துநிற்கும் கண்கள், லயத்து இஸ்தோப்பில் உலரும் பாடசாலைச் சீருடை ஆகியவற்றை அஞ்சலட்டை விற்போர் எடுப்பதில்லை, அரசாங்கமும் கேட்பதில்லை. அவற்றை எடுக்கக்கூடியவர் ஊதியம் எதிர்பாராது அலையும் பொழுதுபோக்காளர் மட்டுமே.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதியவர் ஒருவரைப் படமெடுக்க முயன்றேன். கவ்வாத்து வெட்டுவதில் ஒருகாலத்திற் பெயர்பெற்றவர் என்று அயலார் கூறியிருந்தனர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தம்பி, என்னய ஏன் புடிக்கிறீங்க? இந்தக் கத்தியப் புடிங்க. இது எங்கப்பா கத்தி" என்றார். வளைந்த அக்கத்தி பல்லாண்டு தீட்டித் தீட்டி மெலிந்திருந்தது. பின்னர் அவர் பேசத் தொடங்கினார். வெட்டு எப்போதும் சாய்வாக விழவேண்டும். தட்டையாக வெட்டினால் மழைநீர் தங்கிக் கிளை அழுகும். ஒரே வீச்சில் வெட்டவேண்டும். இரண்டாம் முறை கொத்தினாற் கிளை பிளந்துவிடும். தீட்டுவதற்கு எந்தக் கல் நல்லது, பிடிக்கு எந்த மரம் கையைக் கிழிக்காது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அவர் மனைவி உள்ளிருந்து தம் மட்டக்கம்பை எடுத்துவந்தார். தேயிலைச் செடியின் மேல்மட்டம் சீராக இருக்கப் பெண்கள் செடிமீது வைத்துப் பார்க்கும் கம்பு அது. கை பட்டுப் பட்டு மெருகேறியிருந்த அக்கம்பைத் தவிர வேறொரு கம்பாற் பறித்தால் அன்றைக்குக் கொழுந்தின் நிறை குறையும் என்று அவர் உறுதியாக நம்பினார். செனிற் கமராவைப் பற்றி எங்கள் கடைக்காரர் பேசும் பேச்சுக்கும் இதற்கும் எவ்வித வேறுபாட்டையும் நான் காணவில்லை. தம் கருவியை நேசிப்போர் அனைவரும் ஒரே இனத்தவரே. இறுதியில் கத்தியும் கம்பும் கையிலிருக்க இருவரும் தாமாகவே அருகருகே நின்றனர். அன்று நான் ஒளியை அளந்தது அவர்களின் முகங்களுக்கே. பின்னால் இருந்த மலை படத்தில் இல்லை. அதுபற்றி இதுவரை எவரும் என்னிடம் குறைகூறியதுமில்லை.

இத்தகைய படங்களின் தேவையை 2014 ஒக்டோபர் 29 மிகக் கொடுமையாக உணர்த்திற்று. அன்று காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்தது. மாண்டோரின் குடும்பங்கள் இழந்தவற்றுள் படங்களும் அடங்கும். அனர்த்தத்தின் பின் எடுக்கப்பட்ட படங்கள் செய்தித்தாள்களில் ஏராளமாக வந்தன. ஆனால் அதற்கு முந்திய நாளின் மீரியபெத்தவை, அதாவது அடுப்பெரிந்த, பிள்ளைகள் விளையாடிய லயத்தை, காட்டும் படம் எத்தனை பேரிடம் இருக்கும்? பேரிடரைப் படமெடுக்கப் பலர் வருவர். சாதாரண நாளைப் படமெடுக்க அங்கேயே திரியும் ஒருவர் வேண்டும்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். வறுமையைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டுவது மட்டும் நியாயமா என்பர். நியாயமான வினாவே இது. கூடை சுமந்த பெண்ணிடம் நாணயத்தை நீட்டிச் சிரிக்கச் சொல்லும் பயணியை நாங்கள் பலமுறை கண்டிருக்கின்றோம். அதனாலேயே எங்கள் வட்டத்தில் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்கின்றோம். கேட்டு அனுமதி பெற்றே படமெடுத்தல் முதலாவது. படத்தின் பிரதியொன்றை உரியவரிடம் சேர்ப்பித்தல் இரண்டாவது. இது கைத்தொலைபேசிக்கு அனுப்புவதோடு முடிவதன்று. கருவி பழுதுற்றாற் படமும் மறையுமாதலால் தாளிலே அச்சிட்டே கொடுக்கின்றோம். மூன்றாவதும் முதன்மையானதும் யாதெனில், அவர்கள் சொல்லும் பெயரையும் தோட்டத்தையும் நாளையும் படத்தின் பின்புறத்தில் எழுதுதல். முன்னர் கூறிய அம்மையார் தம் பெயரோடு மட்டக்கம்பையும் குறிப்பிடுமாறு கேட்டு எழுதுவித்தார்.

பல்கலைக்கழகத்தார்க்கு இவ்விடத்து ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டப்புறங்களிலிருந்து மாணவர் பலர் இன்று உயர்கல்விக்கு வருகின்றனர். 2005-இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே அமைந்துள்ளது. ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் வீடு செல்லும்போது, தம் குடும்பத்துத் தகரப்பெட்டியிலுள்ள பழைய படங்களுக்குப் பெயரெழுதி வரட்டும். எழுதத் தெரிந்த முதியோரும் அடையாளம் காட்டக்கூடியோரும் நாளுக்குநாள் குறைந்துவருகின்றனர். படத்திலிருப்பவர் யாரென்று சொல்லக்கூடிய கடைசி மனிதரும் மறைந்தபின் எத்தகைய ஆராய்ச்சியாலும் அப்பெயரை மீட்க இயலாது. புதிதாகப் படமெடுக்க விரும்புவோருக்கு நல்ல கமரா வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒரு பேனையைக் கட்டாயம் உடன் கொண்டுசெல்லட்டும்.