நின்ற இடம்

கொம்பியூட்டர் நின்றுபோவதைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுத வேண்டி வரும் என்று நான் எண்ணியதில்லை. கவிதைக்கோ சிறுகதைக்கோ உரிய பக்கங்களை இப்படியொரு விசயம் பிடித்துக்கொள்வதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நின்றுபோன அந்த இயந்திரத்துக்குள் 1989ஆம் ஆண்டுக் கலியாண வீடொன்று அகப்பட்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் மாமியுடைய கலியாணம் அது. நடந்தது காத்தான்குடியில். தோளில் கமெராவை வைத்துக்கொண்டு வாடகைக்கு வந்த வீடியோக்காரர் எடுத்த ஒரேயொரு வீஎச்எஸ் கசெட். அதில் ரீச்சரின் வாப்பா வருகிறார். மறுவருடம், 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அந்த ஜனாஸாக்களில் அவருடையதும் ஒன்று. ரீச்சருக்கு அப்போது நாலு வயது. வாப்பாவின் முகம் என்று அவரிடமிருந்தது அடையாள அட்டைப் படம் மட்டுமே. அடையாள அட்டைப் படத்தில் எந்த மனிதனும் விசாரணைக்குக் கூட்டிவரப்பட்டவன் போலத்தான் இருப்பான்.

கசெட் முப்பது வருடத்துக்கு மேலாக அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு கிடந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் துண்டில் இருக்கும் ஊர்; காற்றில் ஈரம் குறைகிற நாளே குறைவு. ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் வீடியோ நாடாவில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூக்கும். நாடாவை ஓட்ட டெக் கிடைப்பதும் இன்று பெரும்பாடு. உலகில் கடைசியாக அவற்றைச் செய்துகொண்டிருந்த ஜப்பான் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பட்டணத்தில் ஒரு கடைக்காரர் பழைய டெக் ஒன்றில் ஓட்டி, கொம்பியூட்டரில் பதிவு செய்து கொடுத்தார். முதல்தடவை ஓடியது. இரண்டாம் தடவை நாடா பிய்ந்துவிட்டது. மிஞ்சியது 48 நிமிடக் கோப்பு ஒன்று.

அந்தக் கோப்பைச் சும்மா போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை பந்தலுக்குள் கால்வைக்கும் இடத்தில் படம் உறைந்துவிடும். அதன் பிறகு ஒலி மட்டும் ஓடும். குரவை கேட்கும். தட்டுமுட்டுச் சத்தங்கள் கேட்கும். அவற்றுக்கிடையில் ஓர் ஆண்குரல், "தம்பி, சோத்தத் திண்டுட்டுப் புடிங்களன்" என்று சொல்லும். ரீச்சரின் உம்மா கேட்டவுடனே, "இது அவருதான்" என்றார். குரல் வரும், ஆள் வரமாட்டார். ரீச்சர் அதை எத்தனை தடவை கேட்டாரோ தெரியாது.

என்னிடம் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் என்னிடமிருந்த இயந்திரம்தான். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் டோஹாவில் வேலைசெய்கிறான். ஊர்க் கசெட்டுகளையெல்லாம் அழியமுன் பிரதிசெய்ய வேண்டும் என்று பணம் அனுப்பி, பலமான டெஸ்க்டொப் ஒன்றைப் பூட்டுவித்துத் தந்திருந்தான். 32 ஜிபி றெம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், பதினாறு கோர் புரொசெசர். பாடசாலையில் நான் முதன்முதல் கண்ட கொம்பியூட்டரில் இருந்தது 512 எம்பி. அதைவிட இது அறுபத்துநான்கு மடங்கு. வேலையும் பெரியதல்ல: அந்தக் கோப்பைச் சீராக்கி, கைபேசியில் ஓடக்கூடிய புதுக்கோப்பாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். ஆனால் எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் என்று கொடுத்தால் கொஞ்சத்தூரம் போகும், திரை வெளிறும், மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும். சிலவேளை 'கிராபிக்ஸ் நினைவகம் போதாது' என்றொரு செய்தி. சிலவேளை ஒன்றுமேயில்லை.

ஆலோசனைக்குக் குறைவில்லை. இயந்திரத்தைப் பூட்டிய கடையில், "கார்ட்ட மாத்துங்க சேர், 16 ஜிபி போடுவம்" என்றார்கள். தொழினுட்பம் தெரிந்த இன்னொருவர் றெம் துண்டுகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினார். உப்புக்காற்று ஊரில் இது மூடத்தனமல்ல, பலன் தருவதும் உண்டு, இங்கே தரவில்லை. மூன்றாமவர் மின்சாரத்தைக் குறைசொன்னார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு முட்டியதில் இலங்கை முழுவதும் இருண்டதைக் கண்டவர்கள் நாம், மின்சாரத்தைச் சந்தேகிப்பது நியாயந்தான். யூபிஎஸ் வைத்தும் நின்றது.

வைத்தியரிடம் போனால் அவர் கேட்கிற முதற் கேள்வி, எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்பது. மேற்படி ஆலோசகர்களில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் மருந்திலிருந்தே தொடங்கினார்கள்.

கலாசாலையில் எங்களுக்கு வாசிப்புக் கற்பித்தலில் ஒன்று சொல்லித் தந்தார்கள். பிள்ளை வாசிக்கையில் தடக்கினால் உடனே திருத்தாதே. எங்கே தடக்கியது என்று குறித்துக்கொள். மூன்று தடவை வாசிக்கவிடு. மூன்று தடவையும் ஒரே சொல்லில் தடக்கினால் குறை அந்தச் சொல்லில் இருக்கிறது, பிள்ளைக்கு அந்தக் கூட்டெழுத்துத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறிடத்தில் தடக்கினால் பாடத்தில் குறையில்லை. பிள்ளைக்குப் பசி, அல்லது காய்ச்சல், அல்லது கண்ணில் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு. இருபது வருடமாக வகுப்பறையில் எனக்கு உதவிய இந்த அறிவை இயந்திரத்தின் முன்னால் வைத்துப் பார்த்தேன்.

ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். திகதி, நேரம், எத்தனை சதவீதத்தில் நின்றது, என்ன செய்தி வந்தது. பதினான்கு தடவை. ஒன்பது தடவை 65 சதவீதத்தில் நின்றிருந்தது. மற்ற ஐந்தும் 8, 19, 35, 46, 54. அறுபத்தைந்தை ஒரு தடவையும் தாண்டவில்லை. 48 நிமிடத்தில் 65 சதவீதம் என்றால் 31ஆவது நிமிடம் கடந்து, மாப்பிள்ளை கால்வைக்கிற இடம். அப்படியானால் இங்கே நோய் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பாடத்தில், மற்றது பிள்ளையில். ஒன்றை மற்றது மறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றைத் திருத்தினாலும் மற்றது நிறுத்தும், திருத்தியவர் பலனில்லை என்று திருத்தத்தையே கைவிட்டுவிடுவார். பலமான இயந்திரங்களின் முன்னால் பலர் மாதக்கணக்கில் மாட்டுப்படுவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்ட்டை நான் முதலிலேயே விலக்கிவிட்டேன். வீஎச்எஸ்ஸிலிருந்து வந்த படம் 720க்கு 576 புள்ளிகள். இன்றைய 4கே படத்தின் இருபதில் ஒரு பங்கு. 8 ஜிபி கார்ட்டுக்கு இது போதாது என்றால் அரைச் சுண்டு அரிசிக்கு அண்டா போதாது என்பது போல. செய்தி பொய் சொல்லுகிறது என்பதல்ல. பிள்ளை அழுத இடத்தைத்தான் செய்தி சொல்லும், அடிபட்ட இடத்தைச் சொல்லாது.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரக டெஸ்க்டொப் புரொசெசர்களை வாங்கியவர்களுக்குப் புதிய விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றன. 'வீடியோ நினைவகம் போதாது' என்றே செய்தி வந்தது. கார்ட்டை மாற்றியவர்களுக்கும் நின்றது. 2024 ஜூலையில்தான் நிறுவனம் காரணத்தைச் சொன்னது: புரொசெசருக்குள் இருந்த கட்டளைத் தொகுதி, தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் கூட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன புரொசெசரை அந்தத் திருத்தம் குணமாக்காது. விலை கூடியதும் வேகம் கூடியதுமான பொருளிலேயே அந்தக் குறை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். என் இயந்திரத்தில் இருந்தது அந்தப் புரொசெசர் அல்ல.

இடம்மாறி நிற்கும் நோய்க்கு நான் சந்தேகித்தது றெம்மை. மெம்டெஸ்ட்86 என்றொரு இலவச மென்பொருள் உண்டு. அதைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் தொடங்கமுன் அதிலிருந்து இயந்திரத்தைத் தொடக்கினால், றெம்மின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். மணிக்கணக்கில் ஓடும். இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். சுபஹுக்கு எழும்பிப் பார்க்கையில் திரையில் சிவப்பு வரிகள். றெம்மைக் கூடிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நிறுத்தி, சாதாரண வேகத்துக்கு இறக்கினேன். சிவப்பு குறைந்தது, போகவில்லை. பிறகு இரண்டு துண்டுகளையும் தனித்தனியே போட்டுப் பார்த்தேன். ஒன்று இரவு முழுவதும் சுத்தம். மற்றதை எந்தப் பொந்தில் போட்டாலும் சிவப்பு.

ஒரு பிட் பிழைத்தால் என்ன என்று கேட்கலாம். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரசல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. இருக்கக்கூடிய எண்ணிக்கையைத் தாண்டியதால்தான் பிடிபட்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. இயந்திரத்தின் நினைவகத்தில் ஒரேயொரு பிட் சுழியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே நிபுணர்கள் வந்த முடிவு. வீடியோ எடிட்டிங் றெம் முழுவதையும் நிரப்பி வேலைசெய்கிற தொழில். கடிதம் தட்டச்சுச் செய்பவனுக்குப் பழுதான அறை எட்டாமலே போகலாம், எங்களுக்கு எட்டியே தீரும்.

பழுதான துண்டைக் கழற்றிவிட்டு, பாதி றெம்மோடு எக்ஸ்போர்ட் கொடுத்தேன். 65இல் நின்றது. மறுபடி கொடுத்தேன், 65. ஐந்து தடவையும் 65. ஓர் இயந்திரம் ஒழுங்காக நிற்பதைக் கண்டு சந்தோசப்பட்டது அன்றுதான். கடைக்காரர் கொப்பியையும் சிவப்புத் திரையின் படத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் துண்டை மாற்றித் தந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிப் பாடத்திலுள்ள பிழை. கோட்டில் காட்டும் 65 சரியான இடமல்ல. மென்பொருள் சில வினாடிகள் முன்னோடிப் போய் வாசித்துக்கொள்ளும். ஆகவே கோப்பைப் பாதியாக வெட்டி எக்ஸ்போர்ட் கொடுத்தேன். முதற்பாதி தேறியது, இரண்டாம் பாதி நின்றது. நின்ற பாதியைத் திரும்பப் பாதியாக்கினேன். 48 நிமிடத்தைப் பதினொரு தடவை பாதியாக்கினால் ஒன்றரை வினாடிக்கும் உள்ளே வந்துவிடலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவும் கொடுத்தேன். றெம் பழுதாயிருந்தபோது இதைச் செய்திருந்தால் தேறிய பாதி எது, தேறாத பாதி எது என்று ஒருபோதும் நம்பியிருக்க முடியாது. அதனால்தான் அதை முதலில் தீர்த்தது.

வினாடிக்கு 25 படம் வீதம் முழுக்கோப்பில் 72,000 படங்கள். பழுதாயிருந்தவை முப்பத்தைந்துக்குள். பூஞ்சணம் பூத்த இடத்தில் நாடாவின் சைகை அறுந்திருக்கிறது. பதிவுசெய்த கருவி அங்கே படங்களின் நேரக்குறிப்பைத் தாறுமாறாக எழுதிவிட்டிருக்கிறது. அடுத்த படம் வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கில் வரும் என்று காத்திருந்த மென்பொருள், நேரம் பின்னோக்கிப் பாய்வதைக் கண்டு தடுமாறி விழுந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால் கோப்பு முழுவதையும், பிழைகளைப் பொறுத்துக்கொண்டு, சீரான 25 படக் கணக்கில் புதிதாக எழுதுவித்தேன். கோப்பு பல மடங்கு பெருத்தது. எடிட்டிங் மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு, நூறு சதவீதத்தையும் முடித்து, ஒரு மணியடித்தது.

மறுநாள் ரீச்சரும் உம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை கால்வைக்கிற இடத்தில் ஒரு வினாடிக்கு மேலாகத் திரையில் சாம்பல் சதுரங்கள். பிறகு பந்தல் தெளிந்தது. வெற்றிலைத் தட்டத்தோடு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மெலிந்தவர், சேட்டுக் கையைச் சுருட்டி விட்டிருந்தார். மணிக்கூட்டை வலக்கையில் கட்டியிருந்தார். தட்டத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பி, நேரே எங்களைப் பார்த்தார்.

"தம்பி, சோத்தத் திண்டுட்டுப் புடிங்களன்."

அது வீடியோக்காரருக்குச் சொன்ன சொல். இத்தனை காலமாகக் குரலை மட்டும் கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான், "இந்த மனிசனுக்கு எப்பயும் சோத்துக் கதைதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த எடத்த இன்னொருக்காப் போடுங்க மகன்" என்றார். போட்டேன்.

சாம்பல் சதுரங்களை மறைத்து வெட்டிவிடவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார்கள். மூன்று பென்டிரைவில் பிரதி கொடுத்தேன். ஒன்று கட்டாருக்குப் போயிற்று.

இப்போது மேசையில் வேறு நான்கு கசெட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஏறாவூரிலிருந்து வந்தது. இரண்டில் பூஞ்சணம். மாரிமழை தொடங்குமுன் அவற்றை ஓட்டிவிட வேண்டும்.