வெயிலும் தண்ணீரும்

2004 டிசெம்பர் 26ஆம் நாள் நிலாவெளிக்குள் புகுந்து மீண்ட ஆழிப்பேரலை, கரையோரக் கிணறுகளில் உப்பை விட்டுச் சென்றது. வாளி நிறையத் தண்ணீர். குடிக்க ஒரு மிடறும் இல்லை! அதன்பின்னரே வெயிலின் அருமையை நாம் எண்ணத் தலைப்பட்டோம்.

தெளிந்த நீரைப் போத்தலிலிட்டு வெயிலில் வைத்தால் வயிற்றோட்டக் கிருமிகள் மடியுமென, 1980ஆம் ஆண்டளவில் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து அஃப்திம் அக்ரா என்பார் காட்டினார். ஆறு மணிநேர நல்வெயில் போதும். ஆயினும் உப்பு எள்ளளவும் குறையாது. அதற்கு நீரை ஆவியாக்கிக் குளிர்விக்க வேண்டும். சிலி நாட்டு லாஸ் சலினாஸில் 1872இலேயே கண்ணாடிக் கூரையின்கீழ், வெயிலைக் கொண்டே நாளொன்றுக்கு 20,000 லீற்றருக்கு மேல் நன்னீர் வடித்தனர். வெடியுப்புச் சுரங்கத்துக் கோவேறு கழுதைகளும் அதைக் குடித்தனவாம்.

கிருமியை மாய்க்கும் புறஊதாக் கதிர்கள் நம் தோற்கலத்தின் மரபிழையையும் சிதைப்பன. பழுதைத் திருத்தவும், திருந்தாத கலத்தை மாய்க்கவும் ஏவுவது பி53 என்னும் மரபணு. அதுவே பழுதுற்றால் மடியவேண்டிய கலம் பெருகும். தோற்புற்று அவ்வழியே நுழையும். கருநிறம் நமக்கு ஓரளவு கவசம். இங்கே வெண்மணலில் நாள்முழுதும் கிடக்கும் வெள்ளையருக்கு அதுவும் இல்லை.

ஆதலின் போத்தலை வெயிலில் வைத்துவிட்டு, நாம் பூவரச நிழலில் அமர்ந்துகொள்கிறோம்.